மாஸ்டடான் சர்வருக்கும் தலைக்கட்டு வரி

மாஸ்டடான் என்பது ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம்; யாரும் தனியாகச் சர்வர் நடத்தலாம், ஒரு சர்வரில் இருப்பவர் மற்ற சர்வர்களில் இருப்பவர்களையும் பின்தொடரலாம். பாளையங்கோட்டையில் இருந்தபடி நண்பர்களுக்காக அப்படி ஒரு சர்வர் நடத்துகிறேன். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியதும் ஆட்கள் திரண்டு வந்தார்கள். மாத வாடகை என் சம்பளத்தைக் கடிக்கத் தொடங்கியது.

சர்வரின் சேமிப்பிடம் எதனால் நிரம்புகிறது என்று முதலில் பார்த்தேன். நாங்கள் ஏற்றிய படங்கள் கொஞ்சம்தான். எங்கள் ஆட்கள் பின்தொடரும் வெளிச் சர்வர்களின் படங்களும் காணொளிகளும் நகலாக இங்கே தங்கியிருந்தன. 7 நாளைக்கு மேற்பட்ட நகல்களைத் தினமும் இரவில் நீக்க, மாஸ்டடானை நிர்வகிக்கும் ‘டூட்சிடிஎல்’ (tootctl) கட்டளையை அமைத்தேன். மூலச் சர்வரில் படம் இருக்கும்வரை, தேவைப்படும்போது மறுபடி வந்துவிடும்.

மீதிச் செலவுக்கு வழி காட்டியது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழா. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பார்கள்; கொடை முடிந்ததும் நோட்டைத் திறந்து வரவு செலவை எல்லார் முன்னும் வாசிப்பார்கள். அந்த வாசிப்புதான் அடுத்த வருடமும் வரி கொடுக்க வைக்கிறது. நானும் ஆண்டுச் செலவைத் தலைக்கு வகுத்துக் கேட்டேன், மாணவர்களிடம் கேட்கவில்லை. சர்வர் வாடகை, டொமைன், காப்புப் பிரதி என்று மாதந்தோறும் கணக்கைப் பொதுவில் வைத்தேன். விளம்பரம் போடலாம் என்ற யோசனையை மறுத்துவிட்டேன். அது வேண்டாமென்றுதானே இங்கே வந்தோம்.

மூன்று மாதச் செலவு கையிருப்பில் சேர்ந்த பிறகே புதியவர்களைச் சேர்த்தேன்.