தலைவலிக்கு சல்ஃபைட்டைத் திட்டாதீர்கள்

பொங்கலுக்கு வந்த அத்தான், சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் வாங்கிய ரெட் ஒயினில் மூன்று கிளாஸை ராத்திரி முடித்தார். காலையில் தலையில் ஈரத்துண்டு. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கன்டெய்ன்ஸ் சல்ஃபைட்ஸ்’ என்று இருந்ததைக் காட்டி, “இதுதான் மாப்ளே, எனக்கு அலர்ஜி” என்றார். சொல்லும்போதே சர்க்கரைப் பொங்கலிலிருந்து மஞ்சள் திராட்சையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

சல்ஃபைட் என்பது பண்டம் கெடாமலும் கறுக்காமலும் இருக்கச் சேர்க்கும் கந்தகச் சரக்கு. அந்தத் திராட்சை கறுக்காமல் பொன்னிறமாக இருப்பதே கந்தகப் புகையால்தான். ஐரோப்பிய விதிப்படி உலர் திராட்சையில் கிலோவுக்கு 2000 மி.கி. வரை சல்ஃபைட் இருக்கலாம். சாதாரண ரெட் ஒயினுக்கோ லிட்டருக்கு 150 மி.கி.தான் உச்சவரம்பு. அய்யம்பேட்டைப் பக்கம் வெல்லம் வாங்குபவர்களுக்கு ‘ஹைட்ரோஸ்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். வெல்லத்தை வெளுப்பாக்கப் போடும் அதுவும் கந்தகச் சரக்குதான். நம்மூர் ஆலைகளின் வெள்ளைச் சர்க்கரையும் பெரும்பாலும் கந்தகப் புகையில் தெளிந்து வந்ததே. பண்ணை இறாலின் தலை கறுக்காமலிருக்க அதை மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட் கரைசலில் முக்கும் வழக்கமும் உண்டு. இத்தனையையும் சாப்பிட்டுவிட்டு ஒயினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

முதல் தவறு, தலையையும் நெஞ்சையும் குழப்பிக்கொள்வது. சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சில்தான் தெரியும்: குடித்த சில நிமிடங்களில் வீசிங், இருமல், மூச்சு இறுக்கம். சிலருக்குத் தோலில் தடிப்பும் வரும். இவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள். லேபிளில் அந்த வரி இருப்பதும் முக்கியமாக அவர்களுக்காகத்தான். இந்தியாவிலும் கிலோவுக்கு 10 மி.கி. எட்டினாலே அதை எழுதியாக வேண்டும்.

ரெட் ஒயின் தலைவலி வேறு. அது குடித்த அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் வரும். ஒயினில் உள்ள, அலர்ஜி போன்ற விளைவைத் தரும் ஹிஸ்டமின் மீது நெடுநாள் சந்தேகம் உண்டு. 2023-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், திராட்சைத் தோலில் உள்ள குவெர்செட்டின் உடலில் மாறி, ஆல்கஹாலைச் செரிக்கும் ஒரு நொதியைத் தடுத்துத் தலைவலியைக் கிளப்பக்கூடும் என்றார்கள். அது ஆய்வகச் சோதனைதான், தீர்ப்பு அல்ல. அத்தானுக்கோ மறுநாள் காலையில் வந்தது. அதற்கு ஹேங்ஓவர் என்று பெயர்.

அடுத்தது, ‘அப்படின்னா ஒயிட் ஒயின் குடிக்கிறேன்’ என்பது. அதில் சல்ஃபைட் பொதுவாகக் கூடுதல். ஐரோப்பிய வரம்பு 200 மி.கி. ரெட் ஒயினைத் திராட்சைத் தோலிலிருந்து வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஓரளவு காப்பதால் சல்ஃபைட் குறைவாகப் போதும். ‘சல்ஃபைட் சேர்க்காதது’ என்ற பாட்டிலிலும் கொஞ்சம் இருக்கும், ஏனென்றால் நொதிக்கும்போது ஈஸ்டே அதைச் சிறிது உண்டாக்குகிறது.

அப்புறம் இந்த சல்ஃபா மாத்திரைக் குழப்பம். சல்ஃபா என்ற ஆன்டிபயாடிக் வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர் சல்ஃபைட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெயரில் ஒற்றுமை, பொருள் வேறு.

எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது, குடிக்கும் முன் அலர்ஜி மாத்திரையான செட்ரிசினோ பாராசிட்டமாலோ போட்டுக்கொள்ளும் யோசனைதான். ஒன்று மதுவோடு சேர்ந்து தூக்கக் கலக்கத்தைக் கூட்டும், மற்றது கல்லீரலுக்குச் சுமை. காரைக்காலில் குடித்துவிட்டு ராத்திரி பைக்கில் மாயவரம் திரும்புகிறவர் இதையும் விழுங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆஸ்துமாக்காரர்கள், ‘திராட்சை தின்றேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒயினாலும் ஒன்றும் ஆகாது’ என்று கணக்குப் போடக் கூடாது. புளிப்பான பானத்தில் சல்ஃபைட் வாயுவாகக் கிளம்பி மூச்சுக்குழாயைத் தொடும். வீட்டில் குடித்துப் பார்த்துச் சோதிப்பதும் வேண்டாம். என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தேவையென்றால் ஆஸ்பத்திரியிலேயே சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள். மூச்சு திணறினால், உதடு வீங்கினால், தாள் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசியிலும் பெரும்பாலும் சல்ஃபைட் உண்டு. அதைக் காரணம் காட்டி ஊசியை மறுத்துவிடாதீர்கள்.