பந்து திரும்பி வரும், படம் வராது: மைதானத்தில் ஓர் இணையப் பாதுகாப்புப் பயிற்சி

நீங்கள் பயிற்சியாளர் என்றால், பிராக்டீஸ் முடிந்து பிள்ளைகள் மூச்சு வாங்கும் நேரத்தில் இணையப் பாதுகாப்புக்கு 15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு விஷயம் போதும். இரண்டைத் திணித்தால் இரண்டுமே தங்காது.

முதல் வாரம் சீட்டு விளையாட்டு. 15 பேர் போதும். ஒருவரிடம் ஏதோ ஒரு வரி எழுதிய சீட்டைக் கொடுங்கள். விசில் ஊதியதும் அவர் அதை இரண்டு நகல் எழுதி, சீட்டு இல்லாத இருவரிடம் தர வேண்டும். அடுத்த விசிலுக்குப் புதிதாகப் பெற்றவர்கள் அதையே செய்ய வேண்டும். மூன்றாவது விசிலில் 15 பேரிடமும் சீட்டு இருக்கும். 31 பேர் இருந்தால் நான்காவதில் முடியும். இப்போது முதல் ஆளிடம், "60 நொடியில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கு" என்று சொல்லுங்கள். மற்றவர்கள் ஓடலாம். இருவரிடம் மட்டும் முன்பே ரகசியமாகச் சொல்லி, கூடுதல் நகல் ஒன்றை சாக்ஸுக்குள் வைக்கச் செய்யுங்கள். எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று அவர் நினைக்கும்போது அதை எடுத்துக் காட்டட்டும். அதுதான் ஸ்கிரீன்ஷாட். 'அனைவருக்கும் அழி' பட்டன் அந்த சாக்ஸை எட்டாது. சீட்டில் யாருடைய பட்டப்பெயரும் வேண்டாம், பாடம் கேலியாகிவிடும்.

இரண்டாம் வாரம் மஞ்சள், சிவப்பு அட்டைகள்: கால்பந்தில் போல எச்சரிக்கைக்கு மஞ்சள், பெருந்தவறுக்கு சிவப்பு. நீங்கள் ஒரு சூழலைப் படிக்க, அவர்கள் அட்டையைத் தூக்க வேண்டும். எல்லோரையும் வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நிற்க வையுங்கள். இல்லாவிட்டால் கேப்டன் எதைத் தூக்குகிறாரோ அதுவே எல்லோர் கையிலும் இருக்கும். படிக்க வேண்டிய சூழல்கள் இவை: உடைமாற்றும் அறையில் எடுத்த படத்தை டீம் குரூப்பில் போடுவது, கோல் விட்ட கீப்பர் பெயரில் போலிக் கணக்கு, டிவி ஒளிபரப்பை வெட்டித் தன் சேனலில் ஏற்றுவது, "செலக்‌ஷன் வாங்கித் தருகிறேன், போட்டோ அனுப்பு" என்று நள்ளிரவில் வரும் செய்தி. விவாதம் சூடாவது பெரும்பாலும் ஒளிபரப்பு விஷயத்தில்தான், விடுங்கள், நல்லதே.

சட்டத்தைப் பொதுவாகச் சொல்லாதீர்கள்; உங்கள் நாட்டுச் சட்டப் பிரிவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் கேட்கும் வயதே நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவின் 1998 சட்டத்தில் 13 வயதுக்குக் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 (நாடுகள் 13 வரை குறைக்கலாம்), இந்தியாவின் 2023 சட்டத்தில் 18.

படத்தை வைத்து மிரட்டல் வந்தால் மூன்று அசைவுகள்: பதில் போடாதே, பணம் தராதே, பெரியவரிடம் சொல். சாட்சிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லும்போது ஒரு விலக்கை அழுத்திச் சொல்லுங்கள். சிறாரின் அந்தரங்கப் படத்தைச் சேமிப்பதும் அனுப்புவதும் பல நாடுகளில் குற்றம். உதவி கேட்டு கோச்சுக்கு அனுப்புவதற்கும் இது பொருந்தலாம். கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் மட்டும் குறித்தால் போதும். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், அதை இணையத்திலிருந்து நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண் அடையாளம் மட்டுமே போகும்.

பயிற்சியாளர் ஒரு மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்பினால் இத்தனையும் வீண். நேர மாற்றம்கூட, இன்னொரு பெரியவரும் இருக்கும் குரூப்பில்தான் போக வேண்டும்.