ஒரு வாளி வெந்நீரில் எத்தனை கலோரி? சக்தி அலகுகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணற்றில் பத்து லீற்றர் வாளியொன்றை நிரப்பி ஆறவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இராது. கணக்குக்கு 40 பாகை செல்சியஸ் என்று எடுப்போம். அது 28 பாகைக்கு ஆறும்போது வெளியே போகும் வெப்பம் எவ்வளவு?

10,000 கிராம் × 4.18 × 12 = 501,600 யூல். கிலோயூலில் சொன்னால் 502. கலோரியில் 120,000. பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் கலோரியில் 120. கரண்ட் பில்லில் வரும் யூனிற்றில் 0.14. ஐந்தும் ஒரே வெப்பம்தான்.

உயர்தர இரசாயனவியலைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் புள்ளி போவது பெருக்கத் தெரியாமல் அல்ல. 4.184, 1000, 6.022 × 10²³ எல்லாம் மனப்பாடமாகவே இருக்கும். புள்ளி போவது அலகின் பின்பாதியில். யூல் என்பது கண்ணில் படுகிறது. ஒரு கிராமுக்கா, ஒரு மூலுக்கா (அதாவது 6.022 × 10²³ துணிக்கைகளுக்கா), ஓர் அணுவுக்கா, ஒரு பாகைக்கா என்பது படுவதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே கிளையில் காய்த்தவை.

4.18 வேறு, 4.184 வேறு

முதலில் இதைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. 4.18 என்பது தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு: ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.18 யூல் வேண்டும். அது அளந்து பெற்ற எண், அந்தப் பொருளின் குணம். 4.184 என்பது ஒரு கலோரிக்கு எத்தனை யூல் என்று வரையறுத்து வைத்த எண். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பத்தைத்தான் ஆதியில் கலோரி என்றார்கள். இரண்டும் ஒத்துப்போவதற்குக் காரணம் அதுதான்.

குழப்பம் எங்கே வருகிறது? 501,600 யூல் என்று சரியாகக் கண்ட பிறகு, "கலோரியை யூலாக்க வேண்டுமே" என்று இன்னொரு தடவை 4.184 ஆல் பெருக்கிவிடுவதில். விடை ஏறத்தாழ 21 இலட்சம் யூல் ஆகிவிடும். அவ்வளவு வெப்பம் இருந்தால் அதே வாளித் தண்ணீரை 28 பாகையிலிருந்து 78 பாகைக்கு ஏற்றலாம். குளிக்கப் போனவர் வெந்துபோவார்.

தண்ணீரை விட்டு வேறு பொருளுக்குப் போனால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உப்புவெளிக் கரையில் மொண்ட கடல் தண்ணீருக்குத் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 4.0, அலுமினியத்துக்கு 0.90. ஆனால் ஒரு கலோரி கடலிலும் 4.184 யூல்தான், அலுமினியச் சட்டியிலும் 4.184 யூல்தான். சில பொறியியல் அட்டவணைகளில் 4.1868 என்றும் காண்பீர்கள். அது வேறொரு வரையறைக் கலோரி. வினாத்தாளில் எந்த எண் தரப்பட்டிருக்கிறதோ அதையே எடுங்கள்.

பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகத்துக்குச் சூத்திரம் வேண்டாம். ஆயிரம் ரூபாய்த் தாளை நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றினால் தாள்களின் எண்ணிக்கை கூடும். யூல் சின்னத் தாள், கலோரி அதைவிடப் பெரிய தாள். கலோரியிலிருந்து யூலுக்கு வரும்போது எண் குறைந்தால் எங்கோ தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

பக்கற்றில் உள்ள கலோரி

உணவுப் பொருளில் வெறுமனே கலோரி என்று எழுதியிருந்தாலும் அது கிலோகலோரி. குளுக்கோசை எடுப்போம். ஒரு மூல் முழுதாக எரியும்போது ஏறத்தாழ 2800 கிலோயூல் வெளிவரும். ஒரு மூலின் திணிவு 180 கிராம். ஆகவே கிராமுக்கு 15.6 கிலோயூல், 4.184 ஆல் வகுத்தால் 3.7 கிலோகலோரி. மாச்சத்துக்குக் கிராமுக்கு 4 கலோரி என்று உணவுப் பட்டியல்கள் சொல்வது இதை ஒட்டித்தான். அந்த 4 ஐச் சின்னக் கலோரியாக எடுத்து 16.7 யூல் என்று எழுதினால் விடை ஆயிரம் மடங்கு குறையும்.

எதற்கு ஒன்றுக்கு?

மிகக் கூடுதலாகப் புள்ளி பறிபோகும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ரெஜிபோம் கோப்பையில் 50 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலமும் 50 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டும் கலக்கிறீர்கள். இரண்டும் லீற்றருக்கு 1.0 மூல் செறிவு. வெப்பநிலை 6.8 பாகை ஏறுகிறது. நடுநிலையாக்கல் வெப்பவுள்ளுறை, அதாவது ஒரு மூல் தண்ணீர் உண்டாகும்போது நடக்கும் வெப்ப மாற்றம், என்ன?

வெளிவந்த வெப்பம்: 100 கிராம் × 4.18 × 6.8 = 2842 யூல்.
உண்டான தண்ணீர்: 0.050 லீற்றர் × 1.0 = 0.050 மூல்.
2842 ÷ 0.050 = மூலுக்கு 56,840 யூல், அதாவது மூலுக்கு 56.8 கிலோயூல். வெப்பம் வெளிவருவதால் முன்னே கழித்தல் குறி.

மூன்றே வரிதான், ஆனால் நாலு இடத்தில் சறுக்கலாம். திணிவுக்கு 50 போட்டால் விடை பாதியாகும். சூடாகியது கலவை முழுவதும், அமிலம் மட்டுமல்ல. மூலுக்கு 0.100 போட்டாலும் பாதியாகும். அமிலத்தையும் காரத்தையும் கூட்டியதன் பலன். யூலைக் கிலோயூலாக்க மறந்தால் மூலுக்கு 56,840 கிலோயூல் என்று எழுதி வைப்பீர்கள். நாலாவதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது: "வெப்பநிலை என்றால் கெல்வின்" என்ற பழக்கத்தில் 6.8 உடன் 273 ஐக் கூட்டுவது. அப்போது மூலுக்கு 2300 கிலோயூலுக்கு மேல் வரும். ஏறிய அளவு பாகையிலும் 6.8தான், கெல்வினிலும் 6.8தான். 273 கூட்டுவது ஒரு வெப்பநிலைக்கு. இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்துக்கு அல்ல.

சமன்பாட்டோடு தரப்படும் வெப்பவுள்ளுறையிலும் இதே கேள்வி உண்டு. இரண்டு மூல் ஐதரசன் ஒரு மூல் ஒட்சிசனோடு சேர்ந்து இரண்டு மூல் திரவத் தண்ணீர் தரும் தாக்கத்துக்கு −572 கிலோயூல். ஒரு மூல் ஐதரசனுக்கு −286. ஒரு மூல் ஐதரசன் 2 கிராம், ஆகவே கேள்வி கிராமில் கேட்டால் 286 ஐ 2 ஆல் வகுக்க வேண்டும், 572 ஐ அல்ல: கிராமுக்கு 143 கிலோயூல். எண்ணுக்குப் பக்கத்தில் "மூல் ஐதரசனுக்கு" என்று பொருளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் "மூலுக்கு" போதாது.

ஓர் அணுவிலிருந்து ஒரு மூலுக்கு

ஐதரசன் அணுவின் அயனாக்கற் சக்தி, அதாவது அதிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தி, 13.6 இலத்திரன்வோல்ற்று. இதை மூலுக்குக் கிலோயூலாக மாற்ற மூன்று படி வேண்டும்:

13.6 × 1.602 × 10⁻¹⁹ = அணுவுக்கு 2.179 × 10⁻¹⁸ யூல்
× 6.022 × 10²³ = மூலுக்கு 1.312 × 10⁶ யூல்
÷ 1000 = மூலுக்கு 1312 கிலோயூல்

முதல் வரியோடு நிறுத்திவிட்டு "மூலுக்கு" என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. இலத்திரன்வோல்ற்று எப்போதும் ஒரு துணிக்கையின் கணக்கு. அவகாதரோ மாறிலியைத் தொடாமல் மூலுக்குப் போக வழியே இல்லை. மூன்று படியையும் சேர்த்தால் ஒரே காரணி: துணிக்கைக்கு 1 இலத்திரன்வோல்ற்று என்றால் மூலுக்கு 96.5 கிலோயூல். விடையைச் சரிபார்க்க அது போதும். விடைத்தாளில் படிகளைக் காட்டுவதே பாதுகாப்பு.

ஒளியிலும் இதே கதை. சோடியத்தின் மஞ்சள் ஒளி 589 நனோமீற்றர். பிளாங்கின் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் 3.37 × 10⁻¹⁹ யூல். அது ஒரு போட்டோனுக்கு. மூலுக்கு 203 கிலோயூல். அலைநீளத்தை மீற்றராக்காமல் 589 என்றே போட்டால் விடை 10⁹ மடங்கு சிறுத்துப்போகும். பத்தின் அடுக்குகளுக்குள் அது ஒளிந்துகொள்ளும் என்பதால் பார்வைக்குப் பிழையாகத் தெரியாது.

ஒரே சமன்பாட்டில் யூலும் கிலோயூலும்

ஒரு தாக்கம் தானாக நடக்குமா என்று பார்ப்பது கிப்ஸ் சக்தி: வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையால் பெருக்கிய எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றத்தைக் கழித்தால் அதன் மாற்றம் வரும்; கழித்தல் குறி வந்தால் தானாக நடக்கும். இந்தக் கணக்குகளில் வெப்பவுள்ளுறை கிலோயூலிலும் எந்திரப்பி யூலிலும் தரப்படும். அட்டவணைகளின் வழக்கமே அதுதான். யாரும் உங்களை மாட்டிவிடச் செய்த சதி அல்ல. கல்சியம் காபனேற்று பிரிகையடைந்து சுண்ணாம்பாவதை எடுங்கள்: வெப்பவுள்ளுறை மாற்றம் +178 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் +161 யூல் கெல்வினுக்கு. 298 கெல்வினில் 298 × 161 = 47,978 யூல், அதாவது 48 கிலோயூல். 178 − 48 = +130 கிலோயூல்; தாக்கம் தானாக நடக்காது.

மாற்றாமல் கழித்தால் 178 − 47,978 = −47,800. குறியே மாறிவிட்டது, தாக்கம் தானாக நடக்கும் என்று எழுதுவீர்கள். எந்த வெப்பநிலையில் தொடங்கும் என்று கேட்டால் 178,000 ÷ 161 = 1106 கெல்வின் வர வேண்டிய இடத்தில் 178 ÷ 161 = 1.1 கெல்வின் வரும். அப்படியென்றால் நிலாவெளிக் கரையில் கிடக்கும் சிப்பி சோகியெல்லாம் எப்போதோ சுண்ணாம்பாக உதிர்ந்திருக்கும்.

சில்லறைத் தவறுகள்

கிலோவாற்று சக்தியல்ல, வலு. கிலோவாற்று மணித்தியாலம்தான் சக்தி: 3600 கிலோயூல். கரண்ட் பில்லின் ஒரு யூனிற்று அதுதான். 1500 வாற்று கேத்தில் 200 செக்கன் ஓடினால் 300,000 யூல், அதாவது 0.083 யூனிற்று. கிலோவாற்றை மணியால் வகுக்கும் கோடு போட்டு எழுதுபவர்கள் பத்திரிகைகளிலும் இருக்கிறார்கள்.

வாயு விரியும்போது செய்யும் வேலையில் லீற்றரை வளிமண்டல அமுக்கத்தால் பெருக்கி, வந்ததை யூல் என்று எழுதக் கூடாது, 101.3 ஆல் பெருக்க வேண்டும். கிலோபஸ்கால் × லீற்றர் என்றால் நேரே யூல். வாயு மாறிலியில் 0.0821 லீற்றர் கணக்குக்கு. சக்திக் கணக்குக்கு 8.314.

குறியீட்டில் சின்ன "கே" கிலோ, பெரிய "கே" கெல்வின். சின்ன "எம்" மில்லி, பெரிய "எம்" மெகா. இடையில் 10⁹ மடங்கு. கையெழுத்து மோசமென்றால் சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

இடைநடுவில் எண்ணைச் சுருக்க வேண்டாம். கல்குலேற்றரில் உள்ளதை அப்படியே அடுத்த படிக்குக் கொண்டுபோய், கடைசியில் மட்டும் மட்டந்தட்டுங்கள்.

விடை வந்ததும் பருமனைப் பாருங்கள். சாதாரண ஒற்றைப் பிணைப்புகள் மூலுக்குச் சில நூறு கிலோயூல். நைதரசனின் மும்மைப் பிணைப்பே 945தான். பிணைப்புச் சக்தி 0.4 அல்லது 50,000 கிலோயூல் என்று வந்தால் ஆயிரத்தாலோ அவகாதரோவாலோ ஒரு படி தவறியிருக்கும்.

கடைசியாகக் கல்குலேற்றர். EXP என்று எழுதியிருக்கும் அடுக்குப் பொத்தானில் பத்து ஏற்கெனவே இருக்கிறது. 6.022, பெருக்கல், 10, பிறகு அடுக்குப் பொத்தான், 23 என்று அழுத்தினால் 6.022 × 10²⁴ ஆகிவிடும். 6.022, அடுக்குப் பொத்தான், 23, அவ்வளவுதான். பெருக்கல் குறியோடு அடித்துத்தான் பழக்கமென்றால், வகுக்கும்போது கீழே உள்ள முழுவதையும் அடைப்புக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் 6.022 ஆல் மட்டும் வகுத்து, 10²³ ஆல் பெருக்கிக் காட்டும்.