காது இரைச்சலோடு கடலில் இறங்குவோர் செய்யும் தவறுகள்

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்து இளைஞர்கள் சிலர் புதுச்சேரிக்கோ இராமேசுவரத்துக்கோ போய், காற்று டேங்கோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா பழகிவிட்டு வருகிறார்கள். சிலருக்குக் காதில் ஓயாத இரைச்சல் முன்பே உண்டு. சிலருக்கு அது கடலில் வந்து சேர்கிறது. சளி பிடித்திருக்கும்போது இறங்கக் கூடாது, காதில் அடைப்பான் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘தண்ணீர் போயிருக்கும்’ என்று காத்திருப்பது

காரைக்கால் பக்கத்துத் தம்பி ஒருவர் இறங்கத் தொடங்கிய சில மீட்டரிலேயே இடது காது அடைத்துக்கொண்டது. மேலே வராமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு மூச்சையும் கூட்டி ஊதியிருக்கிறார். படகில் ஏறியதும் தலை சுற்றியது. காதுக்குள் சில்வண்டு போல ஓர் இரைச்சல் தொடங்கியது. கரையில் ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தார். வீட்டில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினார்கள். அருகிலிருந்த மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். நாள்கள் பல கழித்துத்தான் எனக்குப் போன் வந்தது: “அண்ணே, இடது காதுல போன வெச்சா எதிர்ல பேசுறதே கேக்க மாட்டேங்குது.” இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்தவரும் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடுகிறார் என்பதில் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்காகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவிக் காற்று மிக வேகமாகச் சுருங்குவது அந்த முதல் பத்து மீட்டருக்குள்தான். உரிய நேரத்தில் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதிக் காதைச் சமன் செய்யாவிட்டால், மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாயின் வாய் அழுத்தத்தாலேயே ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஊதும் வேகத்தில் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தம் கூடி, அது உட்செவித் திரவத்துக்கும் பரவி, உட்செவியை நடுச்செவியிலிருந்து பிரிக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடும். செவிப்பறை பழுதில்லாமல் இருக்கும்போதும் இது நடக்கும்.

வெளிக்காதில் தேங்கிய தண்ணீர் தலையைச் சாய்த்தால் நகரும். தலையைச் சுற்ற வைத்து, கேட்கும் திறனையும் கெடுத்து, கூர்மையான இரைச்சலையும் எழுப்பாது. இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய், கடலில் மூழ்கியதையும், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதையும், இரைச்சல் இறங்கும்போது தொடங்கியதா, ஏறிய பிறகா என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். ஏறிய பிறகு தொடங்கியிருந்தால் அது உட்செவியில் உருவான வாயுக் குமிழாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டியது உயர் அழுத்த அறைச் சிகிச்சை. திடீர்ச் செவித்திறன் இழப்புக்குத் தரப்படும் ஸ்டீராய்டு முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் அதிகம் பயன் தரும். வாரங்கள் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மருத்துவர் பார்க்கும்வரை தலையை உயர்த்திப் படுங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், டேங்கைத் தூக்காதீர்கள், மலம் கழிக்கக்கூட முக்காதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் இறங்கிவிடும்.

கயிற்றைப் பிடிக்காமல் இறங்குவது

காவிரியும் கொள்ளிடமும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் கடல் இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கலங்கலில் நீட்டிய கை தெரியாது. அந்த நேரத்தில் தலை சுற்றினால் எது மேல், எது கீழ் என்பதே புரியாது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, கால் முன்னே போக, வலி வருவதற்கு முன்பே அரை மீட்டருக்கு ஒருமுறை காதைச் சமன் செய்யுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் ஏறி மென்மையாக முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் படகுக்குத் திரும்புங்கள்.

மூக்குச் சொட்டு மருந்தை நம்பி இறங்குவது

ஆழத்தில் இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்துபோனால், ஏறும்போது நடுச்செவியில் விரியும் காற்று வெளியேற வழியிருக்காது. வேண்டாம்.

கம்ப்ரஸருக்கு அருகில் நிற்பது

டேங்கில் காற்று நிரப்பும் இந்த இயந்திரத்தின் சத்தமே காதைக் கெடுக்கும். தள்ளி நில்லுங்கள்.

இரைச்சலையே கேட்டுக்கொண்டு படுப்பது

நீருக்கடியில், வாயில் கடித்து மூச்சுவிடும் ரெகுலேட்டரின் குமிழ்ச் சத்தம் இரைச்சலை மூடிவிடுகிறது. அதனால் அன்றிரவு அமைதியான அறையில் அது கூடிவிட்டதாகத் தோன்றுவதுண்டு. இதை அடியோடு நிறுத்தும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. மின்விசிறியோ, தணிவாக வைத்த வானொலியோ ஓடட்டும். மனம் அதைவிட்டு விலகப் பழகிக்கொள்ளும். உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதை அறிய, ஆண்டுக்கொரு முறை ஆடியோகிராம் என்னும் செவித்திறன் சோதனை எடுத்து முந்தையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரைச்சல் இருப்பதாலேயே கடல் மறுக்கப்படுவதில்லை. அதன் காரணம் என்ன என்பதை வைத்தே மருத்துவர் முடிவு செய்வார். திடீர் திடீரெனத் தலையைச் சுற்ற வைக்கும் உட்செவி நோயான மெனியர் நோயால் வந்த இரைச்சலாக இருந்தால் இறங்கக் கூடாது.