செரெங்கெட்டி போகணுமா? முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்னால், எந்த மாதம் போகிறோம் என்று முடிவாக வேண்டும். தான்சானியாவின் செரெங்கெட்டியும் கென்யாவின் மசாய் மாராவும் வேறு வேறு நாடுகளில் இருந்தாலும் நடுவில் வேலி கிடையாது, இரண்டும் ஒரே புல்வெளி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகளும் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம்) கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புதுப்புல்லையும் தேடி இதற்குள் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. விளம்பரத்தில் பார்த்த லாட்ஜை முதலில் புக் செய்துவிட்டு அப்புறம் தேதியைப் பார்த்தால், மந்தை இருக்கும் இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

கணக்கு ஏறக்குறைய இப்படி. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மந்தை தெற்கே, நடுட்டு ஏரிப் பக்கம். ஏப்ரல், மே பெருமழைக் காலம், அப்போது வடமேற்காக நகர்ந்து ஜூன் வாக்கில் குருமேதி ஆற்றருகே இருக்கும். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே, மாரா ஆற்றின் இரண்டு கரைகளிலும். நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கே. மழை முந்தினாலோ பிந்தினாலோ இதெல்லாம் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும்.

பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட்டைக் கேட்பார்கள், முதலைகளுக்கு நடுவே மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக. அது பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆற்றுத்துறையில் மந்தை கரை வரைக்கும் வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடவும் செய்யும், அதற்குள் கரையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன், நடுட்டுவைத்தான் சொல்வேன்.

அந்தச் சமவெளியின் மண் பழைய எரிமலைச் சாம்பல். அதனால் அங்கே முளைக்கும் குட்டைப்புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய, பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். அதற்காகத்தான் அத்தனை மந்தையும் இங்கே வந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் குட்டி போடுகிறது. நான் போன பிப்ரவரியில் ஒரு காலை எட்டு மணிக்கு எங்கள் வண்டிக்கு இருபதடி தூரத்தில் ஒரு தாய் படுத்து எழுந்து படுத்து எழுந்து கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டோம். குட்டி விழுந்தது, தேன் நிறத்தில், உடம்பெல்லாம் ஈரம் மின்ன. தாய் நக்கிக்கொண்டே இருக்க, முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்து மூக்கு மண்ணில் இடித்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நாலாவது முறை நின்றுவிட்டது. கால்கள் நான்கும் நான்கு பக்கமாக நடுங்கின, ஆனால் நின்றது. நான் கடிகாரம் பார்த்தேன், பிறந்து ஆறு நிமிடம். பத்தாவது நிமிடம் தாயின் விலாவை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் நஞ்சுக்கொடிக்காக இரண்டு நரிகள் காத்திருந்தன. எல்லாக் குட்டியும் தப்பாது, சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் இந்த வாரங்களுக்காகவே அங்கே கூடுகின்றன, அதையும் பார்க்க மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். இன்னொரு வசதி, செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, நடுட்டுவில் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வரும் பக்கத்தில் அதற்கு அனுமதி உண்டு.

அடுத்தது நாட்கள். ஒரு வாரத்தில் ஐந்து பூங்கா என்று திட்டம் போட்டுத் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சஃபாரிகள் கிளம்பும் ஊரான அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்கு வண்டியில் ஏழெட்டு மணி நேரம், அதில் ங்கோரோங்கோரோவுக்கு அப்பால் குலுக்கும் மண்பாதை. ஐந்து பூங்கா என்றால் பாதி நாள் அந்தக் குலுக்கலிலேயே போய்விடும். அருஷாவில் ஒரு இரவு, நடுட்டுவில் மூன்று, செரெங்கெட்டியின் நடுவே சிறுத்தைகளுக்குப் பெயர் போன செரொனெராவில் இரண்டு, திரும்பும் வழியில் ங்கோரோங்கோரோ விளிம்பில் ஒன்று, இது போதும். ங்கோரோங்கோரோ 600 மீட்டர் ஆழமான எரிமலைப் பள்ளம், கருப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடம், ஆனால் ஒட்டகச்சிவிங்கியை அங்கே தேடாதீர்கள், செங்குத்துச் சரிவில் அவை இறங்குவதில்லை. விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

இப்போது காசு. நடுத்தர வசதிக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 300 டாலருக்குக் கீழே யாராவது சொன்னால், பூங்காக் கட்டணமும் வரியும் அதில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வண்டி ஒன்றுக்கே 250 டாலரும் வரியும் தனி. கென்யா பக்கம் போவதாக இருந்தால், 2024 முதல் மசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். கட்டணங்கள் மாறும், கிளம்பும் முன் ஒரு முறை சரிபாருங்கள். மாராவை ஒட்டி மசாய் மக்களின் நிலத்தில் நடக்கும் நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற தனிப் பாதுகாப்பகங்களில் வாடகை கூடுதல்தான், ஆனால் கூட்டம் கிடையாது, இரவிலும் வண்டியில் சுற்றலாம், நடந்தும் போகலாம், நில உடைமையாளர்களுக்கு மாதாமாதம் குத்தகைப் பணமும் போய்ச் சேர்கிறது. கையில் இருந்தால் அங்கே செலவழியுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மறக்கவே கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டு பத்து நாள் கழித்துத்தான் அதற்குத் தரும் சான்றிதழ் அட்டை செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கென்யா வழியாகத் தான்சானியாவுக்குள் போனால் அங்கேயும் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயம். சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும், கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கருநீலம், கருப்பு உடை வேண்டாம், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும், ஜீன்ஸுக்கு மேலேயே கடிக்கும். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், கென்யாவில் 2017லிருந்தும் தான்சானியாவில் 2019லிருந்தும் தடை. இரண்டு ஈரிழைத் துண்டு கட்டாயம், ஒன்று முகத்துக்கு, ஒன்றை நனைத்துப் பிழிந்து கேமராமேல் போட, ஏனென்றால் அந்தத் தூசி மாவு மாதிரி எல்லாவற்றுக்குள்ளும் இறங்கும். ஆளுக்கொரு பைனாகுலர், 8x42 போதும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜிப் வைத்த வெறும் துணிப்பை ஒன்று கொண்டுபோய், அருஷா கடையில் இரண்டு கிலோ பயறு வாங்கி அதில் நிரப்பி, வண்டியின் கூரை விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது பயறைக் கேம்ப் சமையலறையில் கொடுத்துவிடலாம். சைவச் சாப்பாடு வேண்டும் என்றால் புக் செய்யும்போதே எழுதுங்கள், நன்றாகவே செய்து தருவார்கள்.

கடைசியாக உங்கள் டிரைவர். அவர்தான் வழிகாட்டியும். முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: பட்டியல் முடிக்கும் அவசரம் எங்களுக்கு இல்லை, நல்லது ஒன்று கிடைத்தால் மதியம் வரைக்கும்கூட அங்கேயே இருப்போம், சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பலாம். எங்கள் டிரைவர் இதைக் கேட்டதும் கையில் இருந்த ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து ஓரமாக வைத்தார், மற்ற வண்டிகள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அதன்பின் ஓடவே இல்லை. "பொலே பொலே" என்றார், சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக.