இடுப்பெலும்பில் கட்டியா, விரிசலா? ஊசித் துளை வழியே பலப்படுத்தும் சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

படுத்திருந்தால் வலி குறைகிறது, காலை ஊன்றினால் உயிர் போகிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் இப்படிச் சொன்னால் வெறும் இடுப்புக் கடுப்பு என்று விட்டுவிடாதீர்கள். மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றில் தொடங்கும் புற்று இடுப்பெலும்புக்குப் பரவுவது அடிக்கடி நடப்பதுதான். அரித்துப்போன எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்க முடியாமல் திணறுவதே அந்த வலி. மாத்திரை வலியை அடக்கும். கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, கட்டியைச் சுருக்கும், ஆனால் அதன் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகலாம். இரண்டுமே எலும்புக்கு உடனடிப் பலம் தராது. அதைத் தருவது எலும்புக்குள் செலுத்தும் மருத்துவச் சிமெண்டும் ஸ்குரூவும்தான்; பெரிய அறுவை இல்லாமல், சில மில்லிமீட்டர் துளைகள் வழியாகவே இவற்றை உள்ளே வைக்கலாம்.

எலும்பு வலி என்றாலே ஆசானை (நாட்டு வைத்தியரை) பார்ப்பது குமரி மாவட்டத்துப் பழக்கம். புற்றுநோய் வந்தவருக்கும், குளியலறையில் லேசாக வழுக்கியதிலிருந்து நடக்க முடியாத முதியவருக்கும் ஸ்கேன் எடுக்கும்முன் எண்ணெய் போட்டுத் தடவவோ இழுத்துவிடவோ வேண்டாம். பலமிழந்த எலும்பு அந்த அழுத்தத்திலேயே ஒடிந்துவிடலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. எலும்பின் தாதுச்சத்து நிறையக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் காட்டும். குடல்வாயுவும் படத்தை மறைக்கும். முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பின் விரிசல் எம்.ஆர்.ஐ.யில்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்த படியைத் தவறவிடவே கூடாது. முன்பு புற்றுநோய் இல்லாதவருக்கு எலும்பில் ஒரே ஒரு கட்டி தெரிந்தால் முதலில் பயாப்ஸி (ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), பிறகே சிமெண்ட். எலும்பிலேயே தோன்றிய சார்கோமா என்ற புற்றாக இருந்து, அதைத் துளைத்து ஸ்குரூ போட்டுவிட்டால் புற்றணுக்கள் துளைத்த வழியெங்கும் சிதறும். முழுதாக வெட்டி எடுத்துக் குணமாக்கும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம். பயாப்ஸி ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும், பின்னால் அறுவை செய்யப்போகும் எலும்புப் புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சைக்கு முன் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 50,000க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் உறையும் அளவும் சரியாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. சிறுநீரகம், தைராய்டிலிருந்து பரவிய கட்டிகளில் ரத்தக்குழாய் அதிகம் என்பதால், அந்தக் குழாய்களை முன்கூட்டியே அடைத்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு.

சி.டி. அல்லது சி-ஆர்ம் என்ற நேரடி எக்ஸ்ரே கருவியின் படத்தைப் பார்த்தபடியே ஊசி கட்டிக்குள் செலுத்தப்படும். ரேடியோ அலையால் கட்டியைச் சுடும் முறையில், 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய திசு செத்துவிடும். நரம்பு மிக அருகில் இருந்தால் அதுவும் வெந்துவிடும் என்பதால் முக்கோண எலும்பில் இதற்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அடுத்தது சிமெண்ட். தூளையும் திரவத்தையும் கலந்ததும் கஞ்சி போல ஓடும், மூக்கில் ஏறும் வாடை வரும். கொஞ்ச நேரத்தில் பற்பசை போலாகும். உள்ளே செலுத்த வேண்டிய பதம் அதுதான். கஞ்சிப் பதத்தில் தள்ளினால் ரத்தக்குழாய்க்குள் ஓடிவிடும், தாமதித்தால் ஊசியிலேயே இறுகிவிடும். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். ஓரிடத்துக்குச் சில மில்லியிலிருந்து பெரிய பள்ளத்துக்கு 10 மில்லிக்கு மேலும் தேவைப்படலாம். பள்ளத்தை முழுக்க நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை. இன்னும் கொஞ்சம் என்று தள்ளும்போதுதான் பெரும்பாலும் கசிகிறது. இடுப்பு மூட்டுக்குள் கசிந்தால் நடக்கும்போதெல்லாம் உரசும். நரம்புத் துளைக்குள் போனால் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டும்.

சிமெண்ட் மட்டும் போதுமா? மேலிருந்து அமுக்கும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். முறுக்கும்போதும் இழுக்கும்போதும், கம்பி கட்டாத காங்கிரீட் போல விட்டுவிடும். தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு அரித்திருந்தால் ஸ்குரூவும் வேண்டும். மெல்லிய கம்பியை முதலில் நுழைத்து, பல கோணங்களில் படம் பார்த்து, எலும்பை விட்டு வெளியேறவில்லை என்று உறுதியான பின் அதன் மேலேயே 6.5 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள உள்துளை ஸ்குரூவை ஏற்றுவார்கள். மூன்று திசையில் மூன்று போட்டால் கிண்ணத்துக்கு முக்காலி போலத் தாங்கல் கிடைக்கும். கிண்ணமே உடைந்து தொடைத்தலை உள்ளே இறங்கிவிட்டவருக்குப் பெரும்பாலும் இது போதாது. மூட்டு மாற்று பற்றிப் பேச வேண்டும். பைக் விபத்தில் இடுப்பு உடைந்தவர் கதையே வேறு. உள்ளே ரத்தம் கொட்டலாம், உடனே 108.

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு வீடுகளில் படிகள்தான் சிக்கல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை வேண்டாம், நாற்காலிக் கமோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் வெட்டு வேலைக்கும் மருத்துவர் சொல்லும்வரை போக வேண்டாம். எலும்பைக் காக்கும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரைப் பாருங்கள். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும், அச்சிட்ட ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கும் பயாப்ஸி ஸ்லைடும் கையில் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று புறப்படும்முன் கேட்டுவிடுங்கள்.

கட்டியைச் சுட்டபின் ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், துளையில் சீழ், மூச்சுத்திணறல், பாதத்தை மேலே தூக்க முடியாமை, சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் மரப்பு — இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.