பாய் பொய் சொல்லும்: குளிர்காலத்தில் கோல்ஃப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்து சில வாரத்துக்குள் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள கோல்ஃப் திடல்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிடும். மறுபடி திறக்க ஏப்ரல் ஆகும். இந்த இடைவெளியில் தவித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் அண்மையில் ஆடத் தொடங்கியவர்கள்தான். நம்மவர்களில் பலருக்கு இது ஏதாவது ஓர் அமைப்பின் நிதிசேர் போட்டியில் ஒட்டிக்கொண்ட பைத்தியம். நால்வர் அடித்ததில் நல்ல பந்தை வைத்து ஆடும் ஸ்க்ராம்பிளில், தான் அடித்த ஒரே ஒரு அழகான அடியை வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இனி ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

இருக்கவும் வேண்டாம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கமெல்லாம் காற்றடைத்த டோம்களும், பந்தைத் திரையில் அடித்துத் தூரம் பார்க்கும் சிமுலேற்றர் கூடங்களும் இப்போது தாராளம். ஆனால் அங்கே புதியவர்கள் செய்கிறதைப் பார்த்தால், முன்பு நான் செய்ததையெல்லாம் யாரோ படம்பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. உடம்பைச் சூடாக்காமல் அடிப்பது, குளிருக்குப் பருமனான ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு சுழல முயல்வது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவை இரண்டு நாளில் தானாகவே புரியும். தானாகப் புரியாதவைதான் இங்கே.

கிளப்பைக் கார் டிக்கியில் விட்டுவைப்பது

பந்தடிக்கும் அந்த மட்டையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

நூறு பந்து வாளியும் பச்சைப் பாயும்

கூடங்களில் வாளி வாளியாகப் பந்து வாங்கி, செயற்கைப் புல் பாயில் வைத்து அடிக்கிறோமே, உண்மையில் அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் துணைக்கு.

இரும்புத் தலை கொண்ட அயன் கிளப்பால் புல்லிலிருந்து அடிக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் பந்து, பிறகு மண். ஸ்விங்கின், அதாவது கிளப்பைச் சுழற்றும் வீச்சின், ஆகத் தாழ்ந்த புள்ளி, பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் சில அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். அப்படி அடித்தால் டிவொட், அதாவது பெயர்ந்து போகும் புல்துண்டு, பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான் தொடங்கும். புதியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னாலேயே விழும். பந்தை எப்படியாவது மேலே தூக்கிவிட வேண்டும் என்று உடம்பைப் பின்காலில் வைத்துக்கொண்டு கரண்டியால் அள்ளுவதுபோல் அடிப்பதால் வருவது அது. கிளப் முதலில் மண்ணில் இறங்கும், வேகமெல்லாம் அங்கேயே போய்விடும், பந்து பாதித் தூரத்தில் விழும். ஃபற் ஷொட் என்று நாங்கள் எல்லோரும் பல்லைக் கடிக்கும் அடி அதுதான். வெட்கமாக இருக்கும். ஆனாலும் என்ன பிழை என்று புல் அந்த இடத்திலேயே சொல்லிவிடும்.

பாய் சொல்லாது. கீழே கொங்கிறீற், அதற்கு மேல் ரப்பர், அதற்கு மேல் நைலோன் புல். கிளப் இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் புதைவதற்கு இடமில்லை. வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தில் மோதும். பந்தும் ஓரளவு நேராகப் பறக்கும், திரையில் பார்க்கச் சகிக்கிற ஒரு தூரமும் வரும். மூளை அதை "சரி" என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த அடி, அதற்கடுத்த அடி, ஒரு வாளி முடிந்து இன்னொரு வாளி. மார்ச் வரும்போது அந்தப் பிழை உடம்பில் ஊறிப்போயிருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வேலை முடிந்து நேரே கூடத்துக்குத்தான் போவார். 7 அயன் 155 யார்ட் தூரம் போகிறது என்று வட்ஸ்அப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். பெப்ரவரியில் அந்தக் கூடத்திலேயே விற்பனைக்கு நின்றவர், இந்த வேகத்துக்குப் பழைய கிளப் காணாது என்று சொல்லிப் புது அயன் செற்றும், கிட்டத்து அடிகளுக்கான இரண்டு வெட்ஜும் தலையில் கட்டிவிட்டார். கிட்டத்தட்ட 2,000 டொலர். வெட்ஜ் இரண்டும் 6 பாகை பவுன்ஸ்; அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். பாயில் அடித்துப் பார்த்து, "கத்தி மாதிரிப் போகுது" என்று தம்பியே விரும்பித் தெரிவு செய்தவை.

ஏப்ரலில் ராம் ஓஷாண்டர் திடலில் சேர்ந்து ஆடினோம். பனி உருகிய ஈரம் இன்னும் வற்றாத நிலம். அவர் அடித்த முதல் அயன் அடியில் பந்தைவிட மண்கட்டி அதிக தூரம் போனது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

"அண்ணை, உள்ளுக்க 155 போனது. இஞ்ச 100 கூடப் போகேல்லை. புதுக் கிளப்பில ஏதோ பிழை போல."

"கிளப்பில ஒண்டுமில்லைத் தம்பி. குனிஞ்சு உந்தப் புல்லைப் பாரும்."

பந்து இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரீயை, பந்தை ஏற்றி வைக்கும் சின்ன ஆணியை, குத்திக் காட்டினேன். டிவொட் அந்த ரீக்கு மூன்று விரல் பின்னால் தொடங்கி, ரீ வரைக்கும்கூட வராமல் முடிந்திருந்தது. கிளப் முகத்தின் கோடுகளுக்குள் கறுத்த களிமண் அப்பிக்கொண்டு நின்றது; பந்து பட்ட தடமே தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த பயிற்சி அந்த மண்ணுக்கு உள்ளே கிடந்தது.

அடுத்தது வெட்ஜ். பவுன்ஸ் என்பது கிளப்பின் அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடாமல் தடுக்கும் கோணம். இளகிய மண்ணுக்கும் செங்குத்தாகக் கொத்துகிறவருக்கும் 10, 12 பாகைக்கு மேல் வேண்டும். 6 பாகை, வரண்டு இறுகிய தரைக்கும் கை பழகியவருக்கும் உரியது. பாயில் எந்த வெட்ஜும் புதையாது என்பதால் அங்கே வைத்துப் பவுன்ஸ் தெரிவு செய்வதே அர்த்தமில்லாத வேலை. இது விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இந்த இடம்தான். பந்தின் வேகம், ஏறும் கோணம், சுழற்சி என்று பத்து எண்களைத் திரையில் காட்டுகிறார்கள். "தம்பி, இது மண்ணிலே எப்படிப் போகும் என்று இங்கே தெரியாது, வெட்ஜை மட்டும் மே மாதம் வாங்கும்" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல வாய் வராது.

முழங்கை தனிக் கதை. மண் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைக் கொங்கிறீற் வாங்காது, கைக்கே திருப்பி அனுப்பும். வலது கைக்காரருக்கு இடது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி பிடித்தால் அது ரெனிஸ் எல்போ. பெயரைப் பார்த்து நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம், கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் தாராளமாக வரும். உட்புறத்தில் வந்தால் அதற்குக் கோல்ஃபர்ஸ் எல்போ என்றே பெயர். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போதே சுரீரென்கிறது என்றால் பந்து அடிப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டியதுதான். வாளிக்குக் காசு கட்டியாயிற்று என்று மிச்சப் பந்தையும் அடித்து முடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பாயில் அடிக்கவே கூடாதா? அடிக்கலாம், பாயை நம்பாமல். ஒரு சின்னத் துவாயை மடித்து, பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் போட்டு அடியுங்கள். கிளப் துவாயைத் தட்டினால் அந்த அடி திரையில் என்ன காட்டினாலும் பிழை. அது பழகப் பழகத் துவாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்துக்குக் கிட்ட நகர்த்துங்கள். கூடத்தில் விட்டால் பாயின் குறுக்கே சோக்கால் ஒரு கோடு போட்டு, பந்தே இல்லாமல் ஸ்விங் செய்து, கிளப் கோட்டுக்கு எந்தப் பக்கம் உரசுகிறது என்று பாருங்கள். காதையும் தீட்டி வையுங்கள்: முதலில் "தொப்" என்று பாயும் பிறகு "டிக்" என்று பந்தும் கேட்டால் ஃபற். "டிக்" முந்தினால் சரி. அட்டாக் அங்கிள், அதாவது கிளப் பந்துக்கு வந்து சேரும் கோணம், காட்டும் கருவி என்றால் மற்ற எண்களை மறைத்துவிட்டு அதை மட்டும் பாருங்கள். அயனுக்கு அது மைனஸில், அதாவது கீழ்நோக்கி, நிற்க வேண்டும். அடியில் ஜெல் வைத்த பாய் உள்ள கூடம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் காசு கொடுத்தாவது அங்கே போங்கள். நூறு பந்து வேண்டாம். நாற்பது பந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்து, புதிதாகக் கால் வைத்து அடித்தால் ஒரு மாலைப் பொழுது அழகாகப் போய்விடும்.

ஆக நீண்ட அடியை மட்டும் நினைவில் வைப்பது

சிமுலேற்றரில் 20 பந்து அடித்தால் அதில் ஒன்று அபாரமாகப் போகும். "என்னுடைய 7 அயன் 155" என்று சொல்கிறவர் அந்த ஒன்றைத்தான் சொல்கிறார். நடுவில் நிற்கும் தூரம் எதுவோ அதுவே உங்கள் தூரம்.

அந்தத் தூரமும் வெயில் காலத்துக் காற்றுக்குக் கணக்குப் போட்டது. குளிரில் காற்றின் அடர்த்தி கூடும், பந்தின் துள்ளல் குறையும். ஏப்ரல் காலையில் 6, 7 பாகை செல்சியஸில் அதே அடி ஒரு கிளப் அளவு தூரம் குறைவாகப் போகும். 7 அயன் இடத்தில், அதைவிடத் தூரம் போகும் 6 அயன் எடுப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ரேடார் வகைக் கருவி என்றால் இன்னொன்று. திறந்த வெளியில் பந்து பறப்பதை அது நெடுந்தூரம் பின்தொடரும். உள்ளே சில மீற்றரில் திரை வந்து தடுத்துவிடும். அதனால் சுழற்சியைச் சரியாகப் படிப்பதற்காகப் பந்தில் உலோகப் புள்ளி ஒட்டுவார்கள், அல்லது அதற்கென்றே செய்த டைட்லிஸ்ட் ஆர்சிடி மாதிரிப் பந்தைக் கொடுப்பார்கள். தோல் உரிந்த சாதாரணப் பந்தை அடித்துவிட்டுச் சுழற்சி எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவது வீண்.

யூரியூப்

அதில் வரும் பாடங்களைப் பார்த்து ஸ்விங்கை மாற்றுவதானால், ஒரு குளிர்காலத்துக்கு ஒரு மாற்றம். மிச்சத்தைப் பார்த்து ரசியுங்கள்.

தரைவிரிப்பில் தூரம் பழகுவது

2023இல் கனேடியன் ஓப்பன் இங்கே ஓக்டேலில் நடந்தபோது, சமநிலையை உடைக்க ஆடிய நான்காவது பிளேஓஃப் குழியில் நிக் ரெய்லர் 72 அடி தூரப் பட் ஒன்றை, அதாவது தரையில் உருட்டும் அடியை, உள்ளே இறக்கி வென்றார். 1954க்குப் பிறகு சொந்த நாட்டவர் ஒருவர் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. பட் அடிக்கும் பற்றரையே எறிந்துவிட்டுக் குதித்தார். அதிலிருந்து டோமுக்குள் இருக்கும் பச்சை விரிப்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பந்தை உருட்டிக்கொண்டு திரிகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

வீட்டு விரிப்பின் வேகமும் டோம் விரிப்பின் வேகமும் எந்தக் கிறீனின், அதாவது குழி இருக்கும் மழித்த புல்தரையின், வேகத்தோடும் ஒத்துவராது. ஆகவே உள்ளே தூரம் பழகுவது நேர விரயம். திசை பழகலாம், அதற்கு எந்த விரிப்பும் போதும். ஓர் இரும்பு அடிமட்டத்தைத் தரையில் வைத்து, அதன் ஒரு முனையில் பந்தை வைத்து, பக்கத்தில் சரியாமல் மறுமுனையால் இறங்கும்படி உருட்டிப் பாருங்கள். பற்றரின் முகம் ஒரு பாகை திரும்பியிருந்தாலும் பந்து இடையிலேயே விழுந்துவிடும். பிள்ளைகள் படுத்த பிறகு பத்து நிமிடம் இது. நீங்கள் உண்மையில் தவறவிடுவது 4 அடிப் பட்களைத்தானே. 72 அடி யாருக்கு வேண்டும்?

உறைபனிக்குக் காத்திருக்கச் சொன்னால் சண்டை பிடிப்பது

நவம்பரிலும் ஏப்ரலிலும் காலையில் போனால், புல்லில் பனி உறைந்திருக்கிறது, ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்பார்கள். கடைக்குள் நிற்கிற பொடியனோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். புல்லின் உள்ளே இருக்கும் நீர் உறைந்திருக்கும் நேரத்தில் மிதித்தால் அதன் கலங்கள் உடைந்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் கிறீன் முழுக்க மண்ணிறக் காலடித் தடம் தெரியும். குளிரில் புல் வளராததால் அது ஆறவும் வாரக்கணக்காகும். உங்கள் பட் அந்தத் தடத்தில் ஏறி விலகும்போது யாரைத் திட்டுவது?

தெற்கே ஆடியதை மறைப்பதும் கூடத்தில் ஆடியதைச் சேர்ப்பதும்

ஒன்ராறியோவில் ஹண்டிகப், அதாவது ஆடுகிறவரின் திறமையைக் காட்டும் எண், பதியும் கணக்கு ஏப்ரல் 15 முதல் ஒக்ரோபர் 31 வரைதான் திறந்திருக்கும். அதற்கு வெளியே இங்கே ஆடும் ஆட்டம் கணக்கில் சேராது. சிமுலேற்றரில் பெபிள் பீச் திடலை 78 அடியில் முடித்தேன் என்று பதிய வருகிறவர்களுக்கும் இடமில்லை.

புளோரிடா அப்படியல்ல, அங்கே வருடம் முழுக்கக் கணக்கு உண்டு. பெப்ரவரியில் குடும்பத்தோடு ஓர்லாண்டோ போனபோது கிடைத்த ஒரு காலையில் ஆடி, 112 அடியில் முடித்துவிட்டு, "அது விடுமுறைதானே" என்று விட்டுவிடக் கூடாது. விதிப்படி அதையும் பதிய வேண்டும். கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த 8தான் உங்கள் எண்ணைத் தீர்மானிக்கிறது, ஆகவே ஒரு மோசமான நாளால் தலை போகாது.

ஏப்ரல் 15க்கு முன்பே வெயில் எறித்து இங்கே திடல் திறந்துவிடுகிற வருடங்களும் உண்டு. அந்தச் சில நாள் ஆட்டத்தை யாரும் எண்ணப்போவதில்லை. குளிர்காலம் முழுக்கத் துவாய் போட்டுப் பழகியது மண்ணில் எடுபடுகிறதா என்று குனிந்து டிவொட்டைப் பார்க்க அந்த நாட்களை ஒதுக்குங்கள். வெட்ஜ் வாங்குவது அதற்குப் பிறகு.